நம் நாடி யாருக்குச் சொந்தம்?

சென்ற வாரம் நம் சங்க ஆபீசுக்கு ஒரு நூற்பாலையிலிருந்து மூன்று பேர் வந்திருந்தார்கள். இருவர் ரிங் பிரேமில் சைடர் வேலை பார்க்கும் பெண்கள். ஒருவர் கார்டிங் பகுதியில் இருபது வருஷமாகப் பஞ்சுத் தூசியைச் சுவாசித்து வரும் தோழர். ஆலையின் பெயர் இங்கே அவசியமில்லை. அங்கே மானேஜ்மெண்ட் ஆளுக்கு ஒரு கைக்கடிகாரம் இலவசமாகக் கொடுக்கப் போகிறதாம். மணி காட்டும் சாதாரணக் கடிகாரம் அல்ல. நாடித் துடிப்பையும், நடந்த அடிகளையும், தூங்கிய நேரத்தையும் கணக்கெடுத்து செல்போனுக்கு அனுப்பும் கடிகாரம். "உங்கள் உடல் நலனுக்காக" என்று ஒரு தாள் அச்சடித்திருக்கிறார்கள். தாளின் அடியில் கையெழுத்துப் போட இடம் விட்டிருக்கிறார்கள்.

"இலவசமாத்தானே வருது, வாங்கிக்கிட்டா என்ன தோழர்?" என்று இளைய பெண் கேட்டார்.

"இருபது வருஷமா மூக்குக்குக் கட்ட நல்ல முகமூடி கொடுக்காதவங்க, இப்போ கைக்குக் கடிகாரம் கட்ட வர்றாங்கன்னா யோசிக்க வேணாமா?" என்றார் கார்டிங் தோழர்.

இருவர் கேட்டதும் நியாயமே. விஞ்ஞானம் தரும் எந்த வசதியையும் தொழிலாளி வேண்டாமென்று தள்ள வேண்டிய அவசியமில்லை. அதே சமயம், ஆழம் பார்க்காமல் காலை விடவும் கூடாது. ஆகவே இந்தக் கருவி என்ன செய்கிறது, என்ன செய்யாது, அது சேர்க்கும் கணக்கு எங்கே போகிறது என்பதை நாம் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கருவி செய்வது என்ன?

கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கத்தில் பச்சை நிறத்தில் சிறு விளக்கு மின்னும். ரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சும். இருதயம் ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் மணிக்கட்டில் ரத்தம் கொஞ்சம் கூடிக் குறைகிறது. திரும்பி வரும் ஒளியும் அதற்கேற்பக் குறைந்து கூடுகிறது. அதை எண்ணித்தான் நாடித் துடிப்பு இவ்வளவு என்று சொல்கிறது. கை அசைவதை உணரும் மற்றொரு சிறு பொறி அடிகளை எண்ணுகிறது. கொரோனா காலத்தில் விரல் நுனியில் மாட்டிப் பார்த்தார்களே, அந்தக் கருவியின் தம்பி இது என்று வைத்துக்கொள்ளலாம்.

இதனால் பயன் உண்டா? உண்டு. ஆஸ்பத்திரிக்குப் போனால் டாக்டர் நம்மை ஐந்து நிமிஷம் பார்க்கிறார். கருவியோ இரவும் பகலும் பார்க்கிறது. அமெரிக்காவில் 92,457 பேரின் கடிகாரக் கணக்குகளை ஆராய்ந்து 2020-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஓய்வாக இருக்கும்போது நிமிஷத்துக்கு 40 துடிப்பு உள்ளவரும் அதில் இருந்தார். 109 துடிப்பு உள்ளவரும் இருந்தார். எல்லோருக்கும் ஒரே அளவுகோல் பொருந்தாது என்பது இதனால் புலப்படுகிறது. ஒருவருக்கு எது வழக்கமோ, அதிலிருந்து அவர் உடல் விலகும்போது எச்சரிக்க வேண்டும். ஆளுக்கு ஏற்ற வைத்தியம் என்று இன்று நிபுணர்கள் பேசுவதன் சாரம் இதுதான்.

இன்னொரு ஆராய்ச்சி, ஆப்பிள் கம்பெனியின் கடிகாரத்தைக் கட்டியிருந்த 4,19,297 பேரை வைத்து நடந்தது. 2019-ல் அதன் முடிவு வெளியாயிற்று. துடிப்பு தாறுமாறாக இருக்கிறது என்ற எச்சரிக்கை அவர்களில் 2,161 பேருக்கு வந்தது. பிறகு மார்பில் ஒட்டும் கருவியால் சோதித்துத் திருப்பி அனுப்பிய 450 பேரில் 34 சதவிகிதத்தினருக்கு, பக்கவாதம் வரை கொண்டுபோய் விடக்கூடிய இருதயத் துடிப்புக் கோளாறு உறுதியாயிற்று. அந்தக் கோளாறு வந்து வந்து போவது. ஆகவே மற்றவர்களுக்கு வந்த எச்சரிக்கை முழுப் பொய் என்று தள்ளவும் முடியாது. முழு மெய் என்று கொள்ளவும் முடியாது. கடிகாரம் கதவைத் தட்டும். உள்ளே வந்து வைத்தியம் பார்க்க டாக்டர்தான் வேண்டும்.

செய்யாதவை

இதைத் தொழிலாளத் தோழர்கள் நன்றாக மனத்தில் வைக்க வேண்டும். ஊசி குத்தாமலே சர்க்கரை அளவு சொல்லும் என்று கூவி விற்கிற கடிகாரங்களை நம்பக் கூடாது. அப்படிப்பட்ட கடிகாரம், மோதிரம் எதற்கும் தான் அனுமதி தரவில்லை என்று அமெரிக்க சர்க்காரின் மருந்து நிர்வாகமே 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. அது காட்டும் எண்ணை நம்பி இன்சுலின் போட்டுக்கொண்டால் உயிருக்கே ஆபத்து.

மார்பு வலித்தால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது. மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் சக்தி அதற்கு இல்லை. உடனே 108-ஐக் கூப்பிட வேண்டும்.

தோலின் நிறத்திலும் ஒரு விஷயம் இருக்கிறது. ஒளியைப் பாய்ச்சி அளக்கும் கருவிகள் கறுத்த மேனியில் தவறலாம். விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் கருவியை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆராய்ச்சி ஒன்று 2020 டிசம்பரில் வெளியாயிற்று. கருவி "பரவாயில்லை" என்று காட்டியபோதே ரத்தத்தில் ஆக்ஸிஜன் ஆபத்தான அளவுக்குக் குறைந்திருந்தது வெள்ளையரில் 3.6 சதவிகிதம், கறுப்பின மக்களிலோ 11.7 சதவிகிதம். ஏறக்குறைய மூன்று மடங்கு! வெயிலில் கறுத்த நம் விவசாயத் தொழிலாளியின் கையில் இந்தக் கடிகாரங்கள் சரியாக அளக்கின்றனவா என்பதை, விற்கிற கம்பெனி சோதித்துக் காட்ட வேண்டாமா?

நாளைக்குப் பத்தாயிரம் அடி நடக்கச் சொல்லிக் கடிகாரம் நம்மைத் தூண்டும். எந்த டாக்டர் சொன்ன அளவு இது? 1965-ல் ஜப்பானியக் கம்பெனி ஒன்று அடி எண்ணும் கருவியை விற்க அதற்கு "பத்தாயிரம் அடி மீட்டர்" என்று பெயர் வைத்தது. அங்கே பிறந்தது இந்தக் கணக்கு. ஷிப்ட் முழுவதும் ரிங் பிரேமுக்குப் பக்கத்தில் நடையாய் நடந்து கால் வீங்கி வீடு திரும்பும் பெண்ணைப் பார்த்து, இன்னும் நட என்று சொல்ல இதற்கு வெட்கமில்லை. உட்கார ஒரு ஸ்டூல் கொடுங்கள் என்று மானேஜரிடம் சொல்லத்தான் அதற்குத் தெரியாது.

கம்பியின் மறுமுனையில் யார்?

கருவி நல்லதா கெட்டதா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் விஷயத்தின் மூலத்தைத் தொட மாட்டோம். கண்ணுக்குத் தெரியாத கம்பி ஒன்று நம் மணிக்கட்டிலிருந்து புறப்படுகிறது. அதன் மறுமுனையைப் பிடித்திருப்பவர் யார்? இதைத்தான் கேட்க வேண்டும்.

மறுமுனையில் ஆஸ்பத்திரி இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் தமிழ்நாட்டிலேயே சாட்சியம் இருக்கிறது. 2012 முதல் 2014 வரை இங்கே ஒரு திட்டம் நடந்தது. சிறு ஊர் ஆஸ்பத்திரிக்கு மார்பு வலியோடு வருபவரின் இருதயப் படத்தை அங்கேயே எடுத்து, பெரிய ஆஸ்பத்திரி நிபுணருக்கு உடனே அனுப்பினார்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைச் சிறு ஆஸ்பத்திரியிலேயே கொடுத்தார்கள். பிறகு ஆம்புலன்சில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சென்றார்கள். ஏழைகளுக்கான செலவுக்கு சர்க்கார் இன்ஷுரன்ஸ் இருந்தது. 2,420 நோயாளிகளை வைத்துப் போட்ட கணக்கு 2017-ல் வெளியாயிற்று. ஒரு வருஷத்துக்குள் இறந்தவர்கள் முன்பு நூற்றுக்கு 17.6, திட்டம் வந்த பிறகு 14.2. அதாவது நூறு குடும்பங்களில் மூன்று குடும்பங்களுக்கு மேல் தாலி தப்பியது.

இதில் உயிரைக் காத்தது படம் எடுத்த யந்திரம் மட்டும்தானா? இல்லை. யந்திரத்துக்குப் பின்னால் டாக்டர் இருந்தார், மருந்து இருந்தது, வண்டி இருந்தது, செலவை ஏற்க ஏற்பாடு இருந்தது. இவை இல்லாத ஊரில் கடிகாரம் பத்து முறை எச்சரித்தாலும் பத்து முறை பயப்படலாமே தவிர வேறென்ன செய்ய முடியும்?

மறுமுனையில் இன்ஷுரன்ஸ்காரனும் முதலாளியும் இருந்தால்?

அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா என்ற மாநிலம். நிலக்கரிச் சுரங்கப் போராட்டங்களுக்குப் பேர்போன மண். அங்கே அரசு ஊழியர்களின் மருத்துவ இன்ஷுரன்ஸில் ஒரு புதிய நிபந்தனையைப் புகுத்தப் பார்த்தார்கள். பள்ளி ஆசிரியர்கள் தங்கள் போனில் ஒரு ஆப்பைப் போட்டுக்கொண்டு, நடந்த அடிகளையும் உடல் விவரங்களையும் கணக்குக் காட்டி மதிப்பெண் எடுக்க வேண்டும். எடுக்காதவர்கள் மாதம் 25 டாலர் அதிகம் கட்ட வேண்டும். உடல் நலம் என்று சொல்லி வந்த திட்டம், கடைசியில் சம்பளத்தில் கை வைத்தது! ஏற்கெனவே குறைந்த சம்பளத்திலும் ஏறும் பிரீமியத்திலும் நொந்திருந்த ஆசிரியர்கள் கொதித்தெழுந்தார்கள். எதிர்ப்பைக் கண்டு அந்த ஆப் திட்டத்தை சர்க்கார் கைவிட்டது. ஆனால் எழுந்தவர்கள் உட்காரவில்லை. 2018 பிப்ரவரி 22-ந் தேதி 55 கவுண்ட்டிகளிலும் பள்ளிகள் மூடப்பட்டன. சுமார் 20,000 ஆசிரியர்களும் பள்ளி ஊழியர்களும் உறுதியாக நின்று மார்ச் மாதத்தில் 5 சதவிகித ஊதிய உயர்வோடு பள்ளிக்குத் திரும்பினார்கள்.

அதே 2018 செப்டம்பரில் ஜான் ஹான்காக் என்ற பழைய அமெரிக்க ஆயுள் இன்ஷுரன்ஸ் கம்பெனி ஒன்று, இனிமேல் கடிகாரமும் போனும் தரும் உடல் கணக்கோடு இணைந்த பாலிசிகளையே விற்கப் போவதாக அறிவித்தது. நன்றாக ஓடுகிறவனுக்குச் சலுகை என்றார்கள். ஒருவனுக்குச் சலுகை என்றால் ஓட முடியாத மற்றவனுக்கு அது அபராதம் அல்லாமல் என்ன? இன்ஷுரன்ஸ் என்பதே நோய் வந்தவன் பாரத்தை எல்லோரும் சேர்ந்து தாங்குவது. ஆளாளாகப் பிரித்துக் கணக்குப் பார்க்க ஆரம்பித்தால், நோயாளி தன் பாரத்தைத் தானே சுமக்க வேண்டியதுதான்.

கூகுள் கம்பெனி, ஃபிட்பிட் என்ற கடிகாரக் கம்பெனியை 210 கோடி டாலர் விலை பேசி 2021 ஜனவரியில் தன்னுடையதாக்கிக் கொண்டது. அந்த உடல் கணக்கை விளம்பரத்துக்குப் பத்து வருஷம் உபயோகிக்கக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் ஐரோப்பியக் கமிஷன் அதற்குச் சம்மதித்தது. நிபந்தனை போட வேண்டியிருந்தது என்பதிலிருந்தே அந்தக் கணக்கின் விலை நமக்குப் புரிகிறது.

முதலாளியின் கையில் கம்பி போனால் இன்னும் மோசம். கிடங்குத் தொழிலாளியின் கை எந்தப் பெட்டிக்கு அருகில் போகிறது என்று ஒலி அலையால் கண்காணிக்கும் மணிக்கட்டுப் பட்டைக்கு அமேசான் கம்பெனி 2018-ல் காப்புரிமை பெற்றது. நம் நாட்டிலும் நாக்பூர், பஞ்ச்குலா, சண்டிகர் முதலிய நகரங்களில் துப்புரவுத் தொழிலாளர்களின் கையில், இருக்கும் இடத்தைக் காட்டிக் கொடுக்கும் கடிகாரங்களைக் கட்டினார்கள். சண்டிகரில் 2020-ல் தொழிலாளர்கள் எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். மலக்குழியில் இறங்குபவனுக்கு விஷவாயுவைக் காட்டும் கருவி கொடுக்கக் காசில்லை. அவன் எங்கே நிற்கிறான் என்று பார்க்கும் கருவிக்கு மட்டும் காசு இருக்கிறது!

இது புதிய கதையும் அல்ல. டெய்லர் என்பவரின் முறைப்படி, அமெரிக்காவில் வாட்டர்டவுன் ஆயுதச் சாலையில் 1911-ல் தொழிலாளியின் பின்னால் ஸ்டாப் வாட்ச் பிடித்த ஆளை நிறுத்தினார்கள். வார்ப்புத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தி வெளியேறினார்கள். விசாரணை நடந்தது. 1915-ல் அந்த நாட்டுப் பாராளுமன்றமே, அரசாங்க ஆயுதச் சாலைகளில் ஸ்டாப் வாட்ச் பிடிக்கப் பணம் செலவிடக் கூடாது என்று தடை போட்டது. அன்று கடிகாரம் மேஸ்திரியின் கையில் இருந்தது. இன்று அதை நம் கையிலேயே கட்டி, நம்மையே சார்ஜ் போடச் சொல்கிறார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

நமக்கு எதை அளக்க வேண்டும்?

கார்டிங் பகுதியில் வேலை செய்பவருக்கு வார விடுமுறை கழிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாள் மார்பு இறுகும், மூச்சுத் திணறும். பஞ்சுத் தூசியால் வரும் பிஸினோஸிஸ் என்ற நுரையீரல் நோயின் அடையாளம் இது. இது தொழில் நோய் என்றும் நஷ்டஈட்டுக்கு உரியது என்றும் சட்டத்தின் அட்டவணையிலேயே இடம்பெற்ற நோய். கடிகாரத்தின் பச்சை விளக்குக்குத் தூசி தெரியாது. ஊதிப் பார்க்கும் சாதாரண பிளாஸ்டிக் குழாய் ஒன்று இருக்கிறது. சில நூறு ரூபாய்தான் விலை. மின்சாரமும் வேண்டாம், போனும் வேண்டாம். ஷிப்டுக்கு முன்னும் பின்னும் ஊதி எண்ணைக் குறித்து வைத்தால், ஆலை நம் மூச்சை எவ்வளவு பறித்தது என்று பார்க்கலாம். நலத் திட்டம் பேசும் மானேஜ்மெண்ட் இந்தக் குழாயைப் பற்றிப் பேசாதது ஏன்? காரணம் எளிது. நாடிக் கணக்கில் குற்றவாளி தொழிலாளியின் சோம்பலும் சாப்பாடும். மூச்சுக் கணக்கில் குற்றவாளி ஆலை.

வயல்வெளிக்கு வருவோம். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தார் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிப் பெண்களை வைத்து ஆராய்ந்த முடிவு 2024-ல் வெளியாயிற்று. கடும் வெப்பத்தில் வேலை செய்த பெண்களுக்குக் கருச்சிதையும் ஆபத்து இரு மடங்கு இருந்தது. களை பறிக்கும் பெண்ணுக்கும் செங்கல் சூளைப் பெண்ணுக்கும் உப்பளத்துப் பெண்ணுக்கும் இது புதிய செய்தியா? கைப்புண்ணுக்குக் கண்ணாடி வேண்டியதில்லை. ஆனால் கூலியையும் நேரத்தையும் தீர்மானிக்கும் இடத்தில் "எனக்குத் தெரியும்" என்று சொன்னால் செல்லாது. எண் வேண்டும். 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வயலில் விழுந்தவர் வெயிலால்தான் விழுந்தார் என்று காட்ட, அவர் உடல் சொன்ன கணக்கு உதவும்.

அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்துப் பண்ணைத் தொழிலாளர் சங்கம் இந்த வழியில் நடந்திருக்கிறது. எமரி பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்களோடு சேர்ந்து, உள்ளுடல் வெப்பத்தை அளக்கும் சிறு குளிகையை விழுங்கிவிட்டுத் தொழிலாளர்கள் வயலில் இறங்கினார்கள். பலருடைய உடல் வெப்பம் 38 டிகிரி என்ற பாதுகாப்பு எல்லையைத் தாண்டுவது எண்ணில் வந்தது. அங்கே கணக்கு தொழிலாளியை வேவு பார்க்கவில்லை. தொழிலாளிக்காகச் சாட்சி சொல்லிற்று.

சட்டத்தை நம்பி உட்கார முடியுமா?

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24-ல் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். பிறகு 2023-ல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2025 நவம்பரில் அதன் விதிகளும் வந்தன. ஆனால் படித்துப் பாருங்கள். 2019-ல் வந்த மசோதாவில் உடல்நலத் தகவலுக்குத் தனிப் பாதுகாப்பு இருந்தது. 2023 சட்டத்தில் அந்தத் தனி வகையே இல்லை. அதோடு, வேலை சம்பந்தமான காரியங்களுக்கும், முதலாளியை நஷ்டத்திலிருந்து காப்பதற்கும் தகவலைச் சம்மதம் கேட்காமலே உபயோகிக்க ஏழாவது பிரிவு வழி விடுகிறது. நம் நாடி ஆலையின் "வேலை சம்பந்தமான காரியம்" என்று ஒரு வக்கீல் வாதாட எத்தனை நேரமாகும்?

பதலித் தொழிலாளியின் கையெழுத்தைச் சம்மதம் என்று சொல்வதும் கேலிக்கூத்து. போடாவிட்டால் நாளைக்கு வேலை இல்லை என்ற நிலையில் போடுகிற கையெழுத்து எப்படிச் சம்மதமாகும்?

ஆகவே தோழர்களே!

அந்த மூன்று பேரிடமும் நாம் சொன்னது இதுதான். கடிகாரத்தை உடைக்கவும் வேண்டாம். தாளில் கையெழுத்துப் போடவும் வேண்டாம். தனித்தனியாகப் பதில் சொல்லாமல் சங்கத்தின் மூலம் கோரிக்கையாக வையுங்கள். உடல் கணக்கு தொழிலாளியிடமும் அவர் நம்பும் டாக்டரிடமும் மட்டுமே போக வேண்டும். மானேஜ்மெண்டுக்கோ காண்டிராக்டருக்கோ இன்ஷுரன்ஸ் கம்பெனிக்கோ ஒரு எண்கூடப் போகக் கூடாது. கட்ட மறுப்பவருக்கு ஷிப்டிலோ சம்பளத்திலோ வேலையிலோ எந்தத் தண்டனையும் கூடாது. வேலைப்பளுவை நிர்ணயிக்க அந்தக் கணக்கைத் தொடவே கூடாது. இவற்றை எழுத்தில் கொடுத்தால், கட்டிக்கொள்வது அவரவர் இஷ்டம்.

கூடவே இன்னொன்றும் கேளுங்கள். தொழிலாளியை அளப்பதற்கு முன் ஆலையை அளக்கட்டும். தூசி எவ்வளவு, சூடு எவ்வளவு, இரைச்சல் எவ்வளவு என்று ஒவ்வொரு ஷிப்டிலும் அளந்து கேட்டிலேயே எழுதிப் போடட்டும். ஊதிப் பார்க்கும் குழாய் ஒவ்வொரு பகுதியிலும் இருக்கட்டும். வயலில் நடுப்பகல் ஓய்வும் குடிதண்ணீரும் நிழலும் கூலி குறையாமல் கிடைக்கட்டும். கருவி எச்சரித்தால் ஓடிப்போக ஊருக்கு அருகில் டாக்டரோடும் மருந்தோடும் ஒரு அரசு ஆஸ்பத்திரி இருக்கட்டும்.

இளைய பெண் போகும்போது, "அப்போ கடிகாரம் வேணாம்னு சொல்லலை, யார்கிட்ட பேசுதுன்னு கேக்கச் சொல்றீங்க" என்றார். நாம் இவ்வளவு நீட்டிச் சொன்னதை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். அந்தத் தாளில் இதுவரை நாற்பது பேர் கையெழுத்துப் போடாமல் இருக்கிறார்களாம். நாற்பது நானூறாக வேண்டும். நம் உழைப்பை விற்றுத்தான் வாழ்கிறோம். நாடியையும் சேர்த்து விற்றதாக எந்த ஒப்பந்தத்திலும் நாம் எழுதிக் கொடுக்கவில்லை.